கிராமத்து இரத்த சோகை: எத்தனை பேருக்கு, எந்த வகை?

பர்மாவில் தட்டோன் நகரின் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய ஊரில் நடந்த மருத்துவ முகாமில் விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்த்தார்கள். வந்திருந்த பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரத்தம் குறைவு என்று சொல்லி, அத்தனை பேருக்கும் ஒரே இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். அவருடைய தங்கை அந்த மாத்திரையை ஆறு மாதமாக விடாமல் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டவில்லை. தங்கையின் கணவர் மோன் இனத்தவர். இருவரும் இப்போது குழந்தைக்கு முயல்கிறார்கள். கிராமங்களில் இரத்த சோகை இவ்வளவு பரவலானதா, அதில் வகைகள் உண்டா, உண்டென்றால் நம் ஊர்களில் எது அதிகம் என்பவை ஆசிரியையின் கேள்விகள்.

பரவல் குறித்த கேள்விக்கு நேரான விடை உண்டு, சகோதரி. உங்கள் முகாமில் கண்ட கணக்கு விதிவிலக்கன்று. பர்மாவில் 2015–16இல் நடத்தப்பட்ட மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 47 விழுக்காட்டினருக்கும், ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58 விழுக்காட்டினருக்கும் இரத்த சோகை இருந்தது. ஒரு நாட்டில் இந்த அளவு 40 விழுக்காட்டை எட்டினாலே அதைக் கடுமையான பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலகச் சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. நாம் அந்தக் கோட்டைத் தாண்டியே இருக்கிறோம். அதே நிறுவனம் 2019ஆம் ஆண்டுக்குக் கணித்த உலக அளவு, பெண்களில் 30 விழுக்காடு, சிறு குழந்தைகளில் 40 விழுக்காடு. நம் முன்னோர் கப்பலேறிப் புறப்பட்ட தமிழ்நாட்டிலும் நிலைமை மேலானதன்று. 2019–21 இந்தியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி அங்கே பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை. இந்தியா முழுமைக்கும் 57 விழுக்காடு.

அந்த இந்தியக் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிராமத்துப் பெண்களில் 58.5 விழுக்காடு, நகரத்துப் பெண்களில் 53.8 விழுக்காடு. இடைவெளி ஐந்து புள்ளிகூட இல்லை. கிராமம், வறுமை, இரத்த சோகை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. வறுமைக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் வறுமை மட்டுமே காரணமென்றால் நகரத்தில் இது வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்பதே, வேறு காரணங்களும் கூடவே நிற்கின்றன என்பதற்கு முதல் சான்று.

எண்களைப் பார்க்கும்போது அவை எப்படி அளக்கப்பட்டவை என்பதையும் பார்க்க வேண்டும். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். கணக்கெடுப்புகளிலும் முகாம்களிலும் விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்துக் கைக்கருவியில் அளப்பார்கள். இரத்தம் வரவில்லை என்று விரலைப் பிசைந்தால் திசுக்களின் நீர் கலந்து அளவு குறைந்து காட்டும். முதல் துளியைத் துடைக்காமல் எடுத்தாலும் பிழை வரும். இந்தியாவில் 2016–18இல் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நடந்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் அளந்தார்கள். அதில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 விழுக்காட்டினருக்கே இரத்த சோகை இருந்தது. விரல் நுனி முறையில் கிட்டிவந்த அளவைவிட இது மிகவும் குறைவு. 2024இல் புதுப்பித்த வழிகாட்டுதலில் உலகச் சுகாதார நிறுவனமும் நரம்பு இரத்தத்தையும் தானியங்கிக் கருவியையும் பரிந்துரைக்கிறது. ஆகவே ‘பாதிப் பேர்’ என்பதைத் தோராயமான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு தனி மனிதருக்கு மருந்தை முடிவு செய்ய அது போதாது.

எந்த அளவுக்குக் கீழே போனால் இரத்த சோகை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டெசிலிட்டர் (நூறு மில்லி லிட்டர்) இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமும், கர்ப்பிணிகளுக்குத் தொடக்க மாதங்களில் 11 கிராமும் இருக்க வேண்டும். கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் அங்கே எல்லை 10.5. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழும் மற்றப் பெண்களுக்கு 8-க்குக் கீழும் இருந்தால் அது கடுமையானது. கிராமத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் பாதிப் பேர் என்று கணக்கில் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் 9-க்கும் 12-க்கும் இடையில் இருப்பவர்கள். நோய் என்று படுக்காமல், படியேறினால் மூச்சு வாங்கும், நடவு முடிந்ததும் தலை சுற்றும் என்று சொல்லிக்கொண்டே வேலை செய்பவர்கள். அதனாலேயே இது கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது.

இனி வகைகளுக்கு வருவோம். இரத்த சோகை என்பது தனி ஒரு நோயன்று. காய்ச்சலைப் போல, பல நோய்கள் கொண்டுவந்து விடும் ஒரே அறிகுறி அது. காய்ச்சல் என்றதும் எல்லோருக்கும் மலேரியா மாத்திரை கொடுப்பதில்லை. ஆனால் இரத்தம் குறைவு என்றதும் எல்லோருக்கும் இரும்பு மாத்திரை கொடுக்கிறோம். அப்படிக் கொடுப்பதில் நியாயம் உண்டு, ஏனென்றால் உலகெங்கும் தனிப்பெரும் காரணம் இரும்புச்சத்துக் குறைவுதான். ஆயினும் அந்தப் பங்கு முன்பு நினைத்த அளவுக்குப் பெரிதன்று. பாதி இரத்த சோகைக்கு இரும்புக் குறைவே காரணம் என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 2016இல் பல வளரும் நாடுகளின் கணக்கெடுப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரத்த சோகையுள்ள பெண்களில் சுமார் 37 விழுக்காட்டினருக்கும், சிறு குழந்தைகளில் சுமார் 25 விழுக்காட்டினருக்குமே இரும்புக் குறைவு சேர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு வேறு காரணம், அல்லது பல காரணங்களின் கூட்டு.

நம் கிராமங்களில் இரும்பு குறைவதற்கு வழிகள் பல. அரிசிச் சோறும் கீரையும் பருப்புமாகச் சாப்பிடும்போது அதிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கு அளவே உடலில் சேரும். மீன், இறைச்சி, ஈரல் இவற்றிலுள்ள இரும்பு அதைவிட நன்றாகச் சேரும். பர்மாவில் சாப்பாட்டோடு வெறுந்தேநீர் குடிப்பது ஊர்ப் பழக்கம். எந்தத் தேநீர்க் கடையிலும் மேசைமேல் கெண்டியில் அது காத்திருக்கும். தேயிலையின் துவர்ப்புப் பொருள் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு, சேர வேண்டியதில் பாதிக்கு மேல் சேரவிடாமல் செய்துவிடும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒன்றரை மணி நேரம் இடைவெளி விட்டால் காசு செலவில்லாமல் இந்த இழப்பு குறையும். மறுபுறம், எலுமிச்சை பிழிந்த முருங்கைக் கீரை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு கொய்யாப்பழம் என்பவை இரும்பு சேர உதவும். புளிச்சக்கீரை இந்த மண்ணில் எல்லா இனத்தார் வீட்டிலும் வேகிறது. அதில் கருவாட்டையோ கூனிறாலையோ சேர்த்துச் சமைப்பது நல்ல பழக்கம், தொடரலாம்.

இழப்பின் பக்கம் இன்னும் பெரியது. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் தாய்க்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவை. கருப்பங்களுக்கு இடையே இரண்டு ஆண்டு இடைவெளி இல்லாவிட்டால் சேமிப்பு நிரம்புவதே இல்லை. பிரசவத்துக்குப் பின் பத்தியம் என்று கீரையையும் கறியையும் விலக்கி வைக்கும் வீடுகளில், இரத்தம் இழந்த உடலுக்கு ஈடுசெய்ய வேண்டிய வாரங்களிலேயே அது கிடைக்காமல் போகிறது. அடுத்தது கொக்கிப்புழு. ரப்பர் தோட்டத்தின் ஈர நிழல் மண்ணும் வீட்டோரத்துக் காய்கறிப் பாத்தியும் அதற்கு ஏற்ற இடங்கள். விடியற்காலையில் வெறுங்காலோடு பால்வெட்டப் போகிறவர்களின் விரலிடுக்கில் அது தோலைத் துளைத்து ஏறி, நுரையீரல் வழியாகச் சுற்றி, கடைசியில் சிறுகுடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. பரவலாகக் காணப்படும் இனத்தில் ஒரு புழு நாளொன்றுக்கு 0.03 மில்லி லிட்டர் உறிஞ்சும். நூறு புழுக்கள் இருந்தால் நாளுக்கு 3 மில்லி லிட்டர், மாதத்துக்கு 90. ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கில் போகும் சராசரி இரத்தம் 30, 40 மில்லி லிட்டர்தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் கனம் புரியும். ஆண்டுக்கு ஓரிரு முறை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையும், காலில் செருப்பும், வீட்டில் கழிப்பறையும் இல்லாமல், இரும்பை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது வீண். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் புழு மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

இரும்புக் குறைவுக்கே உரிய ஓர் அடையாளத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்கள் அதை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பது, அடுப்புச் சாம்பலையோ திருநீற்றையோ யாரும் பார்க்காமல் எடுத்து நக்குவது, பனிக்கட்டிக்கு ஏங்குவது எல்லாம் பெரும்பாலும் இரும்புக் குறைவால் வருபவை. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் அந்த ஆசை தானாகவே போய்விடும். “பிள்ளைத்தாய்ச்சி ஆசை” என்று சிரித்துத் தள்ளிவிடாமல் மருத்துவச்சியிடம் சொல்லுங்கள்.

ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் கதை வேறு. அங்கே முதலில் கேட்க வேண்டியது, இரத்தம் எங்கே கசிகிறது என்பதுதான். மூலம், குடற்புண், இரைப்பை அல்லது குடலில் கட்டி என்று எதுவும் இருக்கலாம். மூட்டு வலிக்குக் கடையில் கலந்து கொடுக்கும் மாத்திரைப் பொட்டலத்தை நாள்தோறும் விழுங்கும் வயதானவர்களுக்கு வயிற்றுக்குள் மெல்ல இரத்தம் கசிவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால், கசிவு தொடரும், காரணம் மறைந்திருக்கும்.

மற்ற வகைகளில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். காசநோய் நம் நாட்டில் மிகுதி. நாட்பட்ட எந்தத் தொற்றும், சிறுநீரகக் கோளாறும் எலும்பு மச்சையில் இரத்தம் உற்பத்தியாவதை மந்தப்படுத்தும். பி12 வைட்டமின் குறைந்தால் சிவப்பணுக்கள் பெரிதாகிவிடும். மீனும் ஙாப்பி என்னும் மீன் விழுதும் சாப்பிடும் நம் கிராமத்து மக்களிடம் இது குறைவு, முழுச் சைவமாக இருப்பவர்களிடமும் நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களிடமும் காணலாம்.

நாம் நின்று பேச வேண்டியது பிறவியிலேயே வரும் வகையைத்தான். தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவர் தம் ஊர்ப் பழக்கத்தில் நம் கிராமத்துக்கு மருந்து எழுதினால் தவறக்கூடிய இடம் இதுவே. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின், ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. அந்தச் சங்கிலி போதிய அளவு உற்பத்தியாகாமல் போனால் அது தலசீமியா; உருவத்தில் சிறு மாற்றத்தோடு உற்பத்தியானால் அது மாறுபட்ட ஹீமோகுளோபின். தென்கிழக்கு ஆசியாவின் அடையாளமான மாறுபாடு ஹீமோகுளோபின் ஈ. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றும் சந்திக்கும் பகுதியில் சில மக்களிடம் இது பாதிப் பேருக்கு இருக்கிறது. பர்மாவில் இனத்துக்கு இனம் மாறி, சிலரிடம் நூற்றுக்கு ஓரிருவர், வேறு சிலரிடம் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் என்ற அளவு வரை காணப்படுகிறது. ஆல்ஃபா தலசீமியாவின் இலேசான வடிவங்கள் இதைவிடவும் பரவலானவை. பழைய மலேரியாப் பகுதிகளில்தான் இவை மிகுதி. இத்தகைய மரபணு உள்ளவர்கள் மலேரியாவில் சாகாமல் பிழைத்துத் தலைமுறைகளைப் பெருக்கினார்கள் என்று 1949இல் ஹால்டேன் என்னும் உயிரியலாளர் முன்வைத்த கருத்து பின்னர் பல ஆய்வுகளால் உறுதிப்பட்டது.

இந்தியாவிலிருந்து வந்தவர்களான நம்மிடம் ஹீமோகுளோபின் ஈ இயல்பில் குறைவு. அங்கே அது வங்காளத்திலும் வடகிழக்கிலும்தான் மிகுதி. ஆனால் பீட்டா தலசீமியா மரபணு இந்தியர்களில் சராசரியாக நூற்றுக்கு மூன்று, நான்கு பேரிடம் இருக்கிறது. மூன்று, நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் வாழ்கிறோம். மோன், கரேன், பர்மியக் குடும்பங்களோடு கொண்டும் கொடுத்தும் இருக்கிறோம். ஆகவே இரு பக்கத்து மரபும் ஒரே வீட்டில் சந்திக்கின்றன. அதில் குறையேதும் இல்லை, தெரிந்துவைத்திருப்பதுதான் தேவை. தமிழருக்குள்ளேயே மாமன் மகள், அத்தை மகன் என்று மணப்பதிலும் ஒரே மரபணு இருபுறமும் சேரும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த மரபணுக்களில் ஒன்று மட்டும் இருப்பவருக்கு நோய் இல்லை. ஹீமோகுளோபின் ஈ ஒன்று இருந்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. இரண்டு இருந்தால்கூட 10, 11 என்ற அளவில் நின்றுகொண்டு இயல்பாக வாழலாம். பீட்டா தலசீமியா ஒன்று இருந்தாலும் அப்படியே. ஹீமோகுளோபின் ஆயுள் முழுவதும் சற்றுக் குறைவாகவே இருக்கும், மாத்திரையால் ஏறாது, ஏற வேண்டியதும் இல்லை. ஆனால் ஒருவரிடமிருந்து ஹீமோகுளோபின் ஈயும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியாவும் ஒரு குழந்தைக்கு வந்து சேர்ந்தால், அது உண்மையான நோய். சிலர் 8, 9 என்று தாக்குப்பிடிப்பார்கள். சிலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே மண்ணீரல் வீங்கி, மாதந்தோறும் இரத்தம் ஏற்ற ரங்கூனுக்கு அலைய வேண்டிவரும். இந்த நோயில் இரத்தம் ஏற்றாவிட்டாலும் குடல் இரும்பை அளவுக்கு மீறி உறிஞ்சும். அது ஈரலிலும் இதயத்திலும் படியும். அத்தகைய குழந்தைக்கு “இரத்தம் குறைவு” என்று ஆண்டுக்கணக்கில் இரும்பு டானிக் கொடுப்பது கெடுதல் செய்வதாகும். இதனால்தான் வகையை அறிவது தேவை என்கிறேன்.

ஜி6பிடி என்னும் நொதிக் குறைவு பிறவியில் வரும் இன்னொன்று. இது பெரும்பாலும் ஆண்களைப் பாதிக்கும். பர்மாவில் மஹிடோல் என்று பெயரிடப்பட்ட வகை மிகுதி. சாதாரண நாளில் இரத்த சோகையே இராது. வைவாக்ஸ் மலேரியா திரும்ப வராதிருக்கக் கொடுக்கும் பிரைமாகுயின் போன்ற மருந்தைச் சாப்பிட்டால் சில நாளில் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். 2010களில் வெகுவாகக் குறைந்திருந்த மலேரியா 2021க்குப் பிறகு மறுபடியும் கூடியிருப்பதால், இந்த மருந்தைத் தொடங்குமுன் பரிசோதனை உண்டா என்று கேட்பது நல்லது.

எது எந்த வகை என்று கண்டறிய விலையுயர்ந்த பரிசோதனை வேண்டியதில்லை; தொடக்கத்துக்கு முழு இரத்த எண்ணிக்கைத் தாள் ஒன்று போதும். அதில் எல்லோரும் ஹீமோகுளோபின் வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அடுத்த மூன்று வரிகளையும் படிக்க வேண்டும். எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80-க்குக் கீழே என்றால் அணுக்கள் சிறியவை. ஆர்.பி.சி. என்பது அணுக்களின் எண்ணிக்கை. ஆர்.டி.டபிள்யூ. என்பது அணுக்களின் அளவில் உள்ள ஏற்றத்தாழ்வு. 15-ஐத் தாண்டினால் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கின்றன என்று பொருள். எடுத்துக்காட்டாக இரண்டு தாள்களைப் பார்ப்போம். ஒன்றில் ஹீமோகுளோபின் 9.4, எம்.சி.வி. 73, எண்ணிக்கை 41 இலட்சம், ஆர்.டி.டபிள்யூ. 19. மற்றொன்றில் ஹீமோகுளோபின் 10.2, எம்.சி.வி. 64, எண்ணிக்கை 53 இலட்சம், ஆர்.டி.டபிள்யூ. 14. முதலாவது இரும்புக் குறைவின் முகம்: மூலப்பொருள் இல்லாததால் அணுக்களும் குறைவு, கிடைத்ததை வைத்துச் செய்தவை பல அளவுகளில் கிடக்கின்றன. இரண்டாவது பிறவி வகையின் முகம்: இரத்தம் குறைவு என்று சொல்லப்பட்டவருக்கு அணுக்கள் குறையவே இல்லை, எல்லாம் ஒரே சீராக மிகச் சிறியவை. எம்.சி.வி.யை எண்ணிக்கையால், அதாவது பத்து இலட்சக் கணக்கில் வகுத்துப் பாருங்கள், 73-ஐ 4.1 ஆல் வகுத்தால் சுமார் 18, 64-ஐ 5.3 ஆல் வகுத்தால் சுமார் 12. விடை 13-க்குக் கீழ் இருந்தால் தலசீமியாப் பக்கம் ஐயம் கொள்ளலாம் என்பது மென்ட்சர் என்பவர் வகுத்த கணக்கு. இது ஐயத்தை எழுப்புமே தவிர முடிவு சொல்லாது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், அப்போது தாள் குழம்பித் தெரியும்.

முடிவு சொல்ல இரண்டு பரிசோதனைகள் உள்ளன. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. ஆனால் உடலில் தொற்றோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக்காட்டும். காய்ச்சலோடு போய் இதைப் பார்க்காதீர்கள். ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை மற்றொன்று. அதில் ஏ2 என்னும் பகுதி 3.5 விழுக்காட்டைத் தாண்டினால் பீட்டா தலசீமியாவின் அடையாளம், ஹீமோகுளோபின் ஈ கால் பங்கு அளவில் தெரிந்தால் அந்த மரபணு ஒன்று உண்டு என்று பொருள். கடுமையான இரும்புக் குறைவு ஏ2-வைத் தாழ்த்திவிடும் என்பதால் முதலில் இரும்பைச் சரிசெய்துவிட்டுப் பார்ப்பது முறை. ஆல்ஃபா தலசீமியாவின் இலேசான வடிவம் இதில் தெரியாது, அதற்கு மரபணுப் பரிசோதனைதான்.

இவ்வளவையும் படித்துவிட்டு உங்கள் ஊர்ப் பெண்கள் முகாமில் கொடுத்த மாத்திரையை எறிந்துவிடக் கூடாது. அதுதான் என் கவலை. பாதிப் பேருக்குத் தனித்தனியாகப் பரிசோதனை செய்ய முடியாத கிராமத்தில் இரும்பு மாத்திரையை முதலில் கொடுப்பது சரியான முடிவு. இலேசான பிறவி வகை உள்ளவர் மூன்று மாதம் சாப்பிட்டாலும் பெரிய தீங்கில்லை. இரும்புக் குறைவுள்ளவர் சாப்பிடாவிட்டால் தீங்கு பெரிது. குறை, மாத்திரையைக் கொடுத்ததில் இல்லை; ஒரு மாதம் கழித்துத் திரும்ப அளக்காததில் இருக்கிறது. முறையாகச் சாப்பிட்டால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறினால் காரணம் இரும்புதான். சரியான அளவுக்கு வந்த பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும். ஏறவில்லையென்றால் முதலில் உண்மையிலேயே சாப்பிட்டாரா என்று கோபமில்லாமல் கேளுங்கள். மலம் கறுக்கிறது, வயிறு பிசைகிறது என்று பாதியில் விட்டவர்கள் பலர், வீட்டில் சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாம். ஒரு மாத்திரை உள்ளே போனதும் குடலின் வாயிலை மூடும் ஹெப்சிடின் என்னும் சுரப்பு ஒரு நாள் முழுக்கக் கூடுதலாக இருப்பதால், இடைவெளி விட்டுச் சாப்பிடும் மாத்திரையில் அதிகப் பங்கு உடலில் சேர்கிறது என்று அண்மை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கு மட்டும் மருத்துவச்சி சொன்னபடி நாள்தோறும்தான். யாராயினும் பாலோடும் தேநீரோடும் மாத்திரையை விழுங்க வேண்டாம்.

ஒழுங்காகச் சாப்பிட்டு, புழு மருந்தும் எடுத்து, வேறு இரத்தப்போக்கும் இல்லாமல், ஆறு மாதம் கடந்தும் 10-இலேயே நிற்கும் உங்கள் தங்கை இரண்டாவது தாளின் வகையைச் சேர்ந்தவராக இருக்க வாய்ப்பு மிகுதி. மாத்திரையை இன்னும் கூட்டாமல், மோல்மீனிலோ ரங்கூனிலோ முழு எண்ணிக்கை, ஃபெரிட்டின், ஹீமோகுளோபின் வகை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் போதிய அளவு இருந்தால் இரும்பை நிறுத்திவிடலாம். குழந்தைக்கு முயல்கிறார்கள் என்பதால் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை மட்டும் இப்போதிருந்தே தொடரட்டும்.

அதைவிட அவசரமானது அவருடைய கணவரின் பரிசோதனை. தங்கைக்குப் பீட்டா தலசீமியாவும் கணவருக்கு ஹீமோகுளோபின் ஈயும் இருந்தால், ஒவ்வொரு கருப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் குழந்தை நலமாகப் பிறந்துவிட்டால் அடுத்ததற்கு அந்த வாய்ப்பு குறைந்துவிடும் என்பதில்லை. அண்டையிலுள்ள தாய்லாந்தில் தம்பதியரைக் கண்டறிந்து கருவிலேயே பார்ப்பதை அரசுத் திட்டமாகவே நடத்துகிறார்கள். இங்கே நாமாகக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். இருவரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் கவலை தேவையில்லை. கணவர் திடகாத்திரமானவர், அவருக்கு எதற்கு இரத்தம் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். ஹீமோகுளோபின் ஈ மரபணு ஒன்று இருப்பவரின் ஹீமோகுளோபின் அளவு இயல்பாகவே இருக்கும், எம்.சி.வி.யும் 80-ஐ ஒட்டியே நிற்கலாம். ஆகவே வெறும் எண்ணிக்கைத் தாளோடு அவரை அனுப்பிவிடாமல், வகைப் பரிசோதனையையும் சேர்த்தே எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.